கடல் கடக்கத் தெரியாத எதிரி



இந்தப் பகுதியில் வழக்கமாகப் பாடசாலை, மொழி வகுப்பு, நகரசபைக் கடிதங்கள் என்று எழுதுவோம். இம்முறை பெற்றோர் பலருக்குப் பிடிக்காத ஒரு விடயத்தை எடுத்திருக்கிறேன்: கொம்பியூட்டர் விளையாட்டு. "பள்ளிக்கூடத்தால வந்தா அந்தப் பெட்டிக்கு முன்னாலதான்" என்ற முறைப்பாடு எங்கள் ஒன்றுகூடல்களில் அடிக்கடி கேட்பதுதான். முறைப்பாட்டில் நியாயம் இருக்கின்றது. ஆனாலும் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அந்தப் பெட்டிக்குள் பிள்ளை என்னதான் செய்கின்றது என்று ஒரு மணித்தியாலம் பொறுமையாகப் பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. கண்டதையும் சுட்டுத் தள்ளுகின்றவை இருக்கின்றன; பந்து உதைக்கின்றவை இருக்கின்றன. சதுரங்கம் போல இருந்து யோசித்து ஆடுகின்றவையும் இருக்கின்றன. சதுரங்கப் பலகைக்குப் பதிலாக ஒரு நூற்றாண்டின் உலக வரைபடத்தை விரித்து வைத்தால் எப்படி இருக்கும்? அப்படியான ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். எங்கள் வீட்டில் மகள் ஆடுகிறாள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இப்போது அவளுக்குச் சமமாக எனக்கும் அதில் ருசி பிடித்துவிட்டது.

அதன் பெயர் 'எம்பயர்: ரோட்டல் வோர்'. இங்கிலாந்தில் கிரியேற்றிவ் அசெம்பிளி என்ற நிறுவனம் செய்தது. 2009 மார்ச்சில் சேகா நிறுவனம் வெளியிட்டது. கொம்பியூட்டர் உலகக் கணக்கில் இது கிழவன்தான். என்றாலும் ஆடுகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். 2024இல் கைத்தொலைபேசியில் ஆடக்கூடிய வடிவமும் வந்தது.

ஆட்டம் 1700ஆம் ஆண்டில் தொடங்கி 1799இல் முடிகின்றது. ஒரு நாட்டைத் தெரிவு செய்து அதை நடத்த வேண்டும். பிரித்தானியா, பிரான்ஸ், ஸ்பெயின், ரஷ்யா, ஒஸ்மானியப் பேரரசு, மராட்டியர், இப்போது நாங்கள் குடியிருக்கும் இந்த நெதர்லாந்தின் அன்றைய ஐக்கிய மாகாணங்கள் என்று பல நாடுகள் உண்டு. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா மூன்றும் ஒரே ஆட்டத்துக்குள். ஒரு வருடத்துக்கு இரண்டு முறை உங்கள் வாய்ப்பு வரும். வரி எவ்வளவு? வீதி போடுவதா, துறைமுகம் கட்டுவதா? யாரோடு உடன்படிக்கை? எல்லாவற்றையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போர் மூண்டால் வரைபடம் மறைந்து போர்க்களம் திறக்கும். அங்கே சிப்பாய்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். அவர்களை நடத்துவதும் நீங்கள்தான்.

அந்த 'ரோட்டல் வோர்' வரிசையில் கடற்போரைக் கண் முன்னே நடத்திக் காட்டிய முதல் விளையாட்டு இதுதான். பாய்க்கப்பல்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கின்றது என்று பார்த்துத்தான் திரும்பும். மரத்தை உடைக்க இரும்புக் குண்டு, பாய்மரத்தை முறிக்கச் சங்கிலிக் குண்டு, ஆட்களை வீழ்த்தச் சிறு குண்டுக் கொத்து என்று மூன்று விதம். காற்றுக்கு எதிரே போக முயன்றால் கப்பல் அசையாது. கரையோரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது உடனே விளங்கும்.

சரி, இனிக் குறைகளுக்கு வருவோம். குறை இல்லாத பொருளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இதில் எழுத நிறைய இருக்கின்றது.

வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்தார்கள். பல பத்திரிகைகளின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே விளையாட்டு திடீரென்று மூடிக்கொள்ளும். உங்கள் முறை முடிந்து மற்ற நாடுகள் தங்கள் முறையை முடிக்கும்வரை தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். கோட்டையை முற்றுகையிட்டால், வாசல் திறந்து கிடக்கச் சிப்பாய்கள் கயிறு போட்டு மதிலில் ஏறுவார்கள். ஏறியவர்கள் எங்கே போவது என்று தெரியாமல் கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். ஒரே ஒரு நகரம் மட்டும் மிஞ்சிய குட்டி நாடு, தோற்றுத் தரையில் கிடந்தபடியே, "சமாதானம் வேண்டாம்" என்று வீறாப்புப் பேசும்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை இதுதான். கடல் கடந்த பேரரசுகளைப் பற்றிய விளையாட்டு இது. ஆனால் வெளிவந்த நாட்களில், கொம்பியூட்டர் நடத்தும் எதிரி நாடுகளுக்குப் படையைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து போய் இறக்கத் தெரியவில்லை! பிரித்தானியாவை எடுத்து ஆடுகின்றவர் தன் தீவுக்குள் கதவைத் திறந்து போட்டுவிட்டு நித்திரை கொள்ளலாம். ஒருவனும் வர மாட்டான். அதே ஆண்டில் திருத்தம் அனுப்பித்தான் எதிரிக்குக் கடல் கடக்கப் பழக்கினார்கள்.

கணக்குப் பிழைகளும் உண்டு. அந்த வரைபடத்தில் பிரான்ஸ் நாட்டின் பெரும் பகுதி ஒரே ஒரு மாகாணம். பாரிஸ் விழுந்தால் அத்தனையும் விழுந்துவிடும். ஸ்பெயினுக்கும் இதே கதிதான். அதே விளையாட்டில் ஜேர்மன் நிலத்தில் சின்னஞ்சிறு அரசுகள் தனித்தனியே நிற்கும்.

இவ்வளவு ஓட்டையும் இருக்க, ஏன் இதை விடாமல் ஆடுகின்றார்கள்? என் எண்ணம் இது. சின்னதாக ஒன்றை எடுத்துப் பிழையில்லாமல் செய்து முடிப்பது ஒரு வகைத் திறமை. பெரிதாக ஒன்றை நினைத்து, அதில் பாதியை எட்டிப் பிடிப்பது இன்னொரு வகை. இந்த விளையாட்டைச் செய்தவர்கள் இரண்டாவது வகை. அம்ஸ்ரர்டாமில் எடுக்கும் முடிவு கொழும்பில் என்ன செய்யும் என்று ஒரு பிள்ளைக்கு விரலால் தொட்டுப் பார்க்கக் காட்ட நினைத்தார்கள். சிப்பாய் மதிலில் ஏறித் தடுமாறுவதால் அந்த எண்ணம் பழுதாகிவிடவில்லை. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தவர்கள் நாங்கள். குறையோடும் ஒன்றை அனுபவிக்க எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்த விளையாட்டில் பல்கலைக்கழகம் கட்டலாம். கட்டினால் அறிஞர்கள் புதிய பயிர்முறை, புதிய துப்பாக்கி, புதிய சிந்தனை என்று கண்டுபிடித்துத் தருவார்கள். நாடு முன்னேறும். ஆனால் அதே பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் சனங்கள் சீர்திருத்தம் கேட்டுக் குரல் எழுப்பத் தொடங்குவார்கள். அடக்கினால் கலகம், விட்டால் புரட்சி, அரசன் போய்க் குடியரசு வரவும் கூடும். என் மகள் இதைக் கண்டுபிடித்த நாளில், "அம்மா, படிக்க விட்டா சனம் கேள்வி கேக்குது" என்றாள். "ஓம் பிள்ளை, அதுக்குத்தான் சில அரசாங்கங்கள் படிக்க விடுறேல்லை" என்றேன். சமூகக் கல்விப் பாடத்தில் ஒரு தவணை முழுவதும் படிக்க வேண்டியதை அவள் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிட்டாள்.

இனி எங்களுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். ஐக்கிய மாகாணங்களைத் தெரிவு செய்து ஆட்டத்தைத் தொடங்கினால், 1700இல் உங்கள் கையில் எவை இருக்கும் தெரியுமா? அம்ஸ்ரர்டாமைத் தலைநகராகக் கொண்ட சின்ன நெதர்லாந்து. கரிபியன் கடலில் குராசோ தீவு. தென் அமெரிக்காவில் இன்று சூரினாம் என்று நாங்கள் சொல்லும் பகுதி. நாலாவதாக, இலங்கை!

"அம்மா, இலங்கை ஏன் ஒல்லாந்தின்ர நிறத்தில கிடக்கு?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. விடை விளையாட்டுக்குள் இல்லை. அது எங்கள் வாய்களில்தான் இருக்கின்றது.

இங்கே பிள்ளைகள் பாடசாலையில் வி.ஓ.சி. என்று படிக்கின்றார்கள். எங்களுக்கு அந்த எழுத்துகளைக் கேட்டால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம்பிள்ளைதான் நினைவுக்கு வருவார். இது வேறு. 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. ஆட்டம் முடியும் அதே 1799இல்தான் அதன் ஆயுளும் முடிந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பை 1656இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் பிடித்தவர்கள் இவர்கள்தான். கறுவாவுக்காக வந்தார்கள். வன்னியில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்தில் வைத்து இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: நெடுந்தீவு டெல்ப்ற், வேலணை லெய்டன், காரைதீவு அம்ஸ்ரர்டாம். இன்று லெய்டன் நகரில் குடியிருக்கும் வேலணைக் குடும்பம் ஏதாவது இருந்தால், அவர்கள் ஒரு லெய்டனிலிருந்து இன்னொரு லெய்டனுக்கு வந்தவர்கள்!

யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று சொல்லி வளர்ந்தோம். இங்கே வந்து 'கன்ரோர்' என்ற சொல்லைக் கேட்டபோது எத்தனை பேர் திடுக்கிட்டிருப்பீர்கள்? மேசை இலாச்சி, காணி எழுதும் நொத்தாரிசு, சட்டைப்பைத் துட்டு, ஏன், வீட்டுப் பின்பக்கத்துக் கக்கூசுகூட இவர்கள் விட்டுப்போன சொற்கள்தான். எங்கள் தேசவழமைச் சட்டத்தை முதன்முதலில் எழுத்தில் தொகுத்ததும் ஒல்லாந்தர் ஆட்சியில், 1706, 1707ஆம் ஆண்டுகளில். விளையாட்டில் அது பதினாலாவது, பதினைந்தாவது முறை வரும் காலம்.

இந்த இடத்தில்தான் விளையாட்டின் மற்ற வகைக் குறை தெரியும். அது கொம்பியூட்டர் கோளாறு அல்ல. திருத்தம் அனுப்பிச் சரி செய்ய முடியாதது. இலங்கை முழுவதையும் ஒரே நிறத்தில் ஒரே மாகாணமாகப் பூசி ஒல்லாந்தர் கையில் கொடுத்துவிட்டார்கள். 1700இல் அவர்களிடம் இருந்தது கரையோரம்தான். மலைநாட்டில் கண்டி இராச்சியம் தன்னரசாக இருந்தது. 1739இல் அதன் சிம்மாசனத்தில் நாயக்கர் வம்சத்தவர் ஏறினார்கள். 1760களில் ஒல்லாந்தரோடு அது பெரும் போர் நடத்தியது. ஒல்லாந்தர் 1796இல் ஆங்கிலேயரிடம் தீவைப் பறிகொடுத்துப் போன பிறகும் கண்டி நின்றது, 1815இல்தான் விழுந்தது. வன்னிமைகள் திறையைக் கொடுத்தும் கொடாமலும் காட்டுக்குள் தங்கள் போக்கில் இருந்தன. இவை ஒன்றுமே அந்த வரைபடத்தில் இல்லை.

இன்னொன்றும் இல்லை. ஆபிரிக்கக் கரைக்குக் கப்பல் அனுப்பினால் யானைத்தந்தம் கிடைக்கும். கரும்புத் தோட்டம் போட்டால் சீனி கிடைக்கும். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார், அவர்களை எந்தக் கப்பல் எங்கிருந்து கொண்டுவந்தது என்பது வணிகப் பட்டியலில் வராது. அடிமை வணிகம் அந்த நூற்றாண்டின் பெரும் வணிகங்களில் ஒன்று. நெதர்லாந்து தன் காலனிகளில் அடிமைத்தனத்தை 1863இல் ஒழித்தது. 2023 ஜூலை முதலாம் திகதி இந்நாட்டு மன்னர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அதே படிக்கட்டில் குடியிருக்கும் சூரினாம் குடும்பத்தின் கதையும் எங்கள் கதையும் ஒரே கப்பல் கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் என்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

ஆகவே இரண்டு வகைக் குறைகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். சிப்பாய் மதிலில் நின்று முழிக்கும் குறையைப் பார்த்துச் சிரியுங்கள். அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. வரலாற்றில் விட்ட குறையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். அதை நிரப்ப வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் நிரப்பாவிட்டால், இலங்கை என்றால் வரைபடத்தில் இந்த நாட்டின் நிறத்தில் கிடந்த ஒரு வாசனைத் திரவியக் கடை என்றுதான் பிள்ளை நினைத்து வளரும்.

ஒரு கேள்வி உங்கள் மனதில் இருக்கும் என்று தெரியும். "குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த எங்கட வீட்டுக்குள்ள பீரங்கிச் சத்தமோ?" இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒல்லாந்தர் ஐந்து முனையோடு கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி 1990இல் நடந்த சண்டையின் சத்தத்தை நேரில் கேட்டவர்கள் எங்களிடையே இருக்கின்றார்கள். இந்த விளையாட்டில் அதே விதமான முனைக்கோட்டைகளைத்தான் முற்றுகையிடுகின்றார்கள். பிள்ளைக்கு அது படம். எங்களுக்கு அது படமல்ல. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி கண்டோம். போர்க்களத்தை ஆடாமலே முடிவை மட்டும் கேட்டுக்கொள்ள விளையாட்டில் இடம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் மகள் அதைப் பாவிப்பாள். ஆடும்போது காதில் கேட்கும் கருவி போட்டுக்கொள்வாள். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டாள். அன்றுதான் பங்கர் என்றால் என்ன என்று அவளுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

ஆடிப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

வாங்குவதற்கு முன் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது விளங்கவும் விளங்காது, பொருந்தவும் பொருந்தாது.

புதிய விலை கூடிய கொம்பியூட்டர் தேவையில்லை. பழைய விளையாட்டு என்பதால் கழிவு விலையில் வரும் நாட்கள் உண்டு, காத்திருந்து வாங்குங்கள். படத்தின் தரத்தையும் படைப்பிரிவுகளின் அளவையும் குறைத்து வைத்தால் தடக்கல் குறையும்.

ஒவ்வொரு முறை முடிவிலும் சேமித்து வையுங்கள், வெவ்வேறு பெயரில். திடீரென்று மூடிக்கொண்டாலும் ஒரு முறைதான் போகும்; இரண்டு நாள் உழைப்புப் போகாது.

ஒருநாளைக்கு இத்தனை வருடம் என்று எல்லை வையுங்கள். "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் முடியாது. "1712 முடிய மூடவேணும்" என்றால் பிள்ளைக்கும் கணக்கு, உங்களுக்கும் கணக்கு.

முதலில் மராட்டியரையோ ஐக்கிய மாகாணங்களையோ எடுத்து ஆடச் சொல்லுங்கள். அடுத்த தடவை மறுபக்கத்தை எடுக்கட்டும். ஒரே துறைமுகம் பிடிப்பவனுக்கு ஒரு மாதிரியும் இழப்பவனுக்கு வேறு மாதிரியும் தெரியும் என்பது அப்போது விளங்கும்.

கடைசியாக, தமிழில் பேசிக்கொண்டே ஆடுங்கள். வரி, திறை, முற்றுகை, உடன்படிக்கை, துறைமுகம், கலகம் ஆகிய சொற்களைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடமாக்க வைப்பது பெரும்பாடு. இங்கே அவை தாமாகவே வாயில் வரும். தாத்தா, அம்மம்மா இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். "இந்தத் துறைமுகம் எங்கட ஊருக்கு எவ்வளவு தூரம்?" என்று பிள்ளை கேட்டால், அதற்கு விடை சொல்லக் கூடியவர் அவர்தான்.

உங்கள் பிள்ளைகள் என்ன விளையாட்டு ஆடுகின்றார்கள், அதில் நீங்கள் கண்ட நல்லது கெட்டது என்ன என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த இதழில் சந்திப்போம்.